எழுதிக்கொண்டு போனவர்கள்

(விலங்கியல் மூன்றாமாண்டு மாணவி)

திருமலைராயன்பட்டினத்திலிருந்து கிழக்கே நடந்தால், கடற்காற்று கருவாட்டு மணத்தைச் சுமந்துவந்து நம்மை எதிர்கொண்டு அழைக்கும். அந்த மணம் தொடங்கும் இடமே பட்டினச்சேரி. அதுவே என் ஊர். 2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை எங்கள் கரையையும் விட்டுவைக்கவில்லை. அதன் பின்னர் எம் ஊருக்கு வந்தவர்களுள் பலர் தாளும் பேனாவும் கொண்டு வந்தார்கள். வீட்டை அளந்தார்கள், படகை எண்ணினார்கள், கேள்விகள் கேட்டார்கள், எழுதிக்கொண்டு போனார்கள்.

நான் பத்தாம் வகுப்பில் படித்தபோதும் ஒரு குழு வந்தது. எங்கிருந்து வந்தது என்பது இங்குத் தேவையில்லை. என் அப்பாயியைத் திண்ணையில் உட்கார வைத்து, கையில் பட்டையைச் சுற்றி இரத்த அழுத்தம் பார்த்தார்கள். வாரத்தில் எத்தனை நாள் மீன், எத்தனை நாள் கருவாடு, உப்பு எவ்வளவு என்றெல்லாம் கேட்டார்கள்.

“எவ்வளவும்மா இருக்கு எனக்கு?” என்று கேட்டாள் அப்பாயி.

“ரிப்போர்ட்டு வரும் பாட்டி” என்றார் அந்த அக்கா.

ரிப்போர்ட்டு வரவேயில்லை. இரண்டாண்டுகள் கழித்து ஒரு விடியற்காலையில், கருவாடு காயப்போடப் போன அப்பாயி மணலிலேயே சாய்ந்துவிட்டாள். வலக்கையும் வலக்காலும் விழுந்துவிட்டன, பேச்சும் குழறியது. “பிரஷர் இருப்பது இதுவரை தெரியாதா?” என்று மருத்துவர் கேட்டார். அன்று அந்தத் தாளில் எழுதிய எண் என்னவென்று எனக்கு இன்றுவரை தெரியாது.

இந்த ஆறாத வடுவோடுதான் கல்லூரிக்கு வந்தேன். சூழலியல் வகுப்பில் ஒருநாள் எங்கள் பேராசிரியர் வடதுருவப் பகுதி மக்களைப் பற்றிப் பேசினார். பள்ளியில் ‘எஸ்கிமோ’ என்று படித்தோமே, அவர்களுள் பெரும்பாலோர் தம்மை ‘இனூயிட்’ என்றே அழைத்துக்கொள்கிறார்கள். ‘மக்கள்’ என்பது அதன் பொருள். அவர்கள் காலடியில் பனிக்கட்டி. எங்கள் காலடியில் சுடுமணல். ஆயினும் அவர்கள் கதையைத் தேடிப் படிக்கப் படிக்க, அடுத்த தெருக் கதையாகவே எனக்குத் தோன்றியது.

1970-இல் டென்மார்க் நாட்டு மருத்துவர்களான பாங், டையர்பெர்க் இருவரும் கிரீன்லாந்து சென்று இனூயிட் மக்களின் இரத்தத்தைச் சோதித்தனர். கடல்நாய்க் கொழுப்பும் மீனும் உண்டு வாழ்வோர்க்கு இதயநோய் குறைவு என்ற கருத்து அங்கிருந்தே பரவியது. நம் ஊர் மருந்துக்கடையில் விற்கும் மீனெண்ணெய் மாத்திரைக்குப் பின்னாலும் அக்கதை உண்டு. ஆனால் அம்மக்களுக்கு இதயநோய் உண்மையிலேயே குறைவா என்பதை அவ்விருவரும் நேரே ஆராயவில்லை என 2014-இல் ஒரு மறுஆய்வு எடுத்துக்காட்டியது. மாத்திரை உலகெங்கும் போயிற்று. இரத்தம் கொடுத்தவர்களை யார் நினைத்தார்கள்?

1977-இல் வில்தலைத் திமிங்கலம் அழிந்துவருகிறது என்று சொல்லி, அலாஸ்காவின் இனூயிட் மக்கள் அதனை வேட்டையாடப் பன்னாட்டுத் திமிங்கல ஆணையம் தடை விதித்தது. பனி விளிம்பில் நின்று, கண்ணுக்குத் தெரிந்தவற்றை எண்ணிய கணக்கு அது. “பனிக்கு அடியிலும் அவை போகின்றன, நீங்கள் பார்ப்பதில்லை” என்றார்கள் பாரோ ஊர் வேட்டைக்காரர்கள். பின்னர் நீருக்குள் ஒலிவாங்கிகளை இறக்கிக் கேட்டபோது வேட்டைக்காரர் சொன்னதே மெய்யாயிற்று! 2011 கணக்கெடுப்பில் அத்திமிங்கலங்கள் 16,000-க்கும் மேல்.

கனடாவின் நூனவிக் பகுதியில் நடந்ததோ நெஞ்சை உலுக்குவது. 1980-களில் கியூபெக் மருத்துவர் எரிக் டெவாய்லி, மாசற்ற தாய்ப்பால் அங்கே கிடைக்கும் என்று நம்பிச் சோதித்தார். மின்மாற்றிகளில் பயன்பட்ட பி.சி.பி. என்னும் நச்சுப்பொருள், தெற்கிலுள்ள தாய்மாரைவிட அவர்கள் பாலில் ஏறக்குறைய ஐந்து மடங்கு இருந்தது. எங்கோ ஆலைகளில் பிறந்த நஞ்சு காற்றிலும் கடலிலும் ஏறி, மீனுக்கும் கடல்நாய்க்கும் போய்த் தாய்ப்பாலில் வந்து நின்றது. இச்செய்தி அம்மக்களின் கைக்கு வந்தது. பாலூட்டுவதை நிறுத்த வேண்டாம், அதன் நன்மையே பெரிது என்று அறிவுரை கூறப்பட்டது. அவர்களோ உலக அரங்கில் ஏறி வாதாடினார்கள். 2001-இல் ஸ்டாக்ஹோமில் அத்தகைய நச்சுகளைத் தடுக்கும் ஒப்பந்தம் உருவானதில் அவர்கள் குரலுக்கும் பங்குண்டு. 2018-இல் கனடாவின் இனூயிட் தேசிய அமைப்பு, தம் மண்ணில் நடக்கும் ஆய்வு எவ்வாறு இருக்கவேண்டும் என்று தானே கொள்கை வகுத்து வெளியிட்டது.

ஆம், அளந்த எண் அளக்கப்பட்டவரிடம் திரும்பி வந்தால் அது ஆயுதம். வராவிட்டால் வெறும் தாள்!

இவ்வாண்டு என் செய்முறைத் திட்டத்திற்குப் பங்குனி ஆமையை எடுத்துக்கொண்டேன். சனவரி முதல் மார்ச் வரை, விடியுமுன் பெரியப்பாவோடு கரையில் நடந்து, ஆமை ஏறிய தடங்களையும் இறந்து ஒதுங்கிய உடல்களையும் குறித்தேன்.

“நாளைக் குறிச்சியே, காத்தைக் குறிச்சியா பாப்பா? சோழகம் எழும்புற ராத்திரிதான் ஆமை கரை ஏறும்” என்றார் பெரியப்பா. நோட்டில் காற்றுக்கென ஒரு கட்டம் கூடிற்று. தடங்கள் பலவும் அவர் சொன்ன இரவுகளிலேயே விழுந்திருந்தன.

ஆமை நுரையீரலால் மூச்சுவிடும் உயிர். இழுவலையில் சிக்கினால் மேலே வரமுடியாமல் மூச்சுமுட்டிச் சாகும். என் அப்பாவும் விசைப்படகில் போகிறவரே. எனினும் கல்லூரியில் தருமுன், கோயில் வாசலில் ஊராரைக் கூட்டி நோட்டை வாசித்தேன். கை நடுங்கியது.

“நாங்கதான் கொன்னோம்னு எழுதிட்டியா?” என்றார் ஒருவர்.

“எழுதினதை மொதல்ல ஒங்ககிட்டதான் படிக்கிறேன் மாமா. தப்புன்னா சொல்லுங்க.”

சற்று நேரம் பேச்சில்லை. பிறகு அவரே சொன்னார்: “மார்கழிக் கடைசியில தண்ணி தெக்க இழுக்கும். வடக்க செத்ததும் இங்க வந்து ஒதுங்கும். அதையும் போடு.” போட்டேன். “நம்ம வலையிலயும் சாவுது, அதையும் அழிக்காத” என்றார் அப்பா.

நண்பர்களே, நாளை நம்மில் பலர் ஆய்வு செய்யப் போகிறோம். கேட்டு எழுதுவது எளிது. எழுதியதை எடுத்துக்கொண்டு அதே திண்ணைக்குத் திரும்பி நடப்பதே கடினம். அதுவே நம் கடமை.

அன்று கயிற்றுக் கட்டிலில் கிடந்தபடி அப்பாயியும் கேட்டுக்கொண்டிருந்தாள். இப்போது அவளுக்கு நானே பட்டையைச் சுற்றி அழுத்தம் பார்க்கிறேன். குழறும் நாவால் அவள் கேட்குமுன்பே எண்ணைச் சொல்லிவிடுகிறேன்.