ஓரியூரில் ஒரு கேள்வி

மதுரையை விட்டுத் தொண்டிச் சாலையில் கிழக்கே செல்லச் செல்ல வைகைப் பாசனத்தின் பசுமை குறைகிறது. சிவகங்கை, காளையார்கோவில் தாண்டினால் வானம் பார்த்த பூமி. கண்மாய்க் கரைகளும் சீமைக் கருவேல மரங்களுமே கண்ணுக்குத் துணை. திருவாடானைப் பகுதியில், புனித அருளானந்தர் 1693 பிப்ரவரி 4 அன்று தலை வெட்டுண்டு மறைசாட்சியாய் மரித்த ஓரியூர் இருக்கிறது. போர்த்துகலில் உயர்குடியில் பிறந்து, மதுரை மிஷனில் காவியுடுத்தி, ஊன் உண்ணாது வாழ்ந்த துறவி அவர். அவருக்கு நம் மக்கள் ஆட்டுக்கிடா நேர்ந்துகொள்வது எனக்கு என்றுமே வியப்புத்தான்!

பங்குக் குடும்பங்களோடு நான் சென்ற நாளிலும் மரத்தடியில் கிடா உரிபட்டுக்கொண்டிருந்தது. என் முகத்தைப் பார்த்த பெரியவர் ஒருவர், "சாமி, வேதத்தில் ஆண்டவரே ஆடு கேட்டிருக்கிறாரே, நாங்கள் வெட்டினால் மட்டும் ஏன் முகம் சுளிக்கிறீர்கள்?" என்றார்.

பழைய பலிகள் நிழல், கிறிஸ்துவின் பலியே நிஜம் என்று குருமடத்தில் கற்ற விடையை உடனே சொல்லிவிடலாம். அது உண்மையே, கிடாய்களின் இரத்தம் பாவத்தைப் போக்காது என்று எபிரேயர் திருமுகமும் கூறுகிறது. ஆயினும் பெரியவரின் கேள்விக்கு அது போதவில்லை.

லேவியர் ஆகமத்தில் பலிகள் பலவகை. எரிபலியில் இறைச்சி முழுவதும் நெருப்புக்கே. பாவம் போக்கும் பலியைக் கொடுத்தவன் அதிலிருந்து ஒரு துண்டும் உண்ணலாகாது. நல்லுறவுப் பலி ஒன்றில்தான் கொழுப்பு ஆண்டவருக்கு, மார்பும் வலத்தொடையும் குருக்களுக்கு, மற்றது கொடுத்தவன் வீட்டாருக்கு. (இதைச் சொன்னபோது கிடா உரித்தவர் சிரித்தார்.) நேர்ச்சைக்காகக் கொடுத்ததாயின் இரண்டு நாளுக்குள் உண்டு முடிக்கவேண்டும், மூன்றாம் நாள் மிஞ்சியதை எரித்துவிடவேண்டும். ஒரு மாட்டை ஒரு குடும்பம் இரண்டு நாளில் எப்படித் தின்று தீர்க்கும்? அண்டை அயலாரை அழைத்தே ஆகவேண்டும். நம்மவர் போடும் அசனத்தின் உறவுமுறை இதுவே என்பது என் எண்ணம்.

ஆனால் ஒன்று. இரத்தத்தை மட்டும் இஸ்ரயேலர் தொடலாகாது. உயிர் இரத்தத்தில் உள்ளது, உயிர் இறைவனுக்குரியது. எனவே அது பீடத்தைச் சுற்றித் தெளிக்கப்பட்டது. இரத்தப் பொரியலை விரும்பி உண்ணும் மதுரை மக்களாகிய நமக்கு இத்தடையின் கடுமை எளிதில் விளங்காது. அந்த மக்களிடம் இயேசு தம் இரத்தத்தைப் பருகச் சொன்னார். சீடர் பலர் விலகிப் போனதில் என்ன வியப்பு! எந்தப் பலியிலும் மனிதருக்குத் தரப்படாத இறை உரிமையை, திருப்பலிக் கிண்ணத்தில் இறைவனே நமக்குத் தருகிறார். பெரியவரிடம் இதைச் சொன்னேன். நெடுநேரம் பேசாதிருந்தார்.

சற்றுத் தள்ளி எம் பங்கின் கைம்பெண் ஒருத்தி பந்திக்கு வராமல் அமர்ந்திருந்தார். மகன் பிழைத்ததற்குக் கிடா நேர்ந்திருந்தார், வாங்க வழியில்லை. தோட்டை அடகு வைக்கப்போவதாகச் சொன்னார்.

"வேண்டாம் அம்மா. ஆட்டுக்குட்டிக்கு வசதியில்லாத தாய் இரண்டு புறா கொடுத்தால் போதும் என்பது மோசேயின் சட்டம். மரியாளும் சூசையும் ஆலயத்தில் அதைத்தான் கொடுத்தார்கள்" என்றேன்.

"மாதாவுக்கே ஆடு வாங்க முடியலையா, சாமி?"

எழுந்து வந்து பந்தியில் உட்கார்ந்தார். அதற்குள் கறி தீர்ந்திருந்தது. சோறும் குழம்பும்தான் பரிமாறினார்கள்.