கைக்கு வந்த ஆயிரம்

திருக்குறளின் 'பொருள்செயல்வகை' அதிகாரத்தைப் பாடம் நடத்தும்போதெல்லாம் நம் மாணவர்கள் அமைதியாகக் கேட்பர். அவ்வமைதியைப் புரிதலின் அடையாளம் என்றே பல்லாண்டுகள் எண்ணியிருந்தோம். அவ்வெண்ணம் கலைந்தது 2024ஆம் ஆண்டில்.

2022 செப்டம்பர் 5இல் தொடங்கப்பெற்ற புதுமைப்பெண் திட்டத்தால், அரசுப் பள்ளிகளில் பயின்று கல்லூரிக்கு வந்த மாணவியர் மாதந்தோறும் ஆயிரம் ரூபாய் பெறலாயினர். 2024 ஆகஸ்டு 9இல் தமிழ்ப்புதல்வன் திட்டம் மாணவர்க்கும் வந்தது. தம் பெயரில் வங்கிக் கணக்கு. தம் கணக்கிலேயே பணம். பெரம்பலூர், அரியலூர் மாவட்டச் சிற்றூர்களிலிருந்து வரும் நம் பிள்ளைகளுக்கு இது சிறு செய்தியன்று.

ஒருநாள் பாடத்தை நிறுத்திவிட்டு, அப்பணம் என்னாயிற்று என்று கேட்டோம். அரியலூர்ப் பக்கத்து மாணவர் ஒருவர், "செல்போன் தவணைக்குப் போயிடுதுங்க ஐயா" என்றார். அவர் தந்தையார் சிமெண்டு ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றும் லாரியின் ஓட்டுநர். செல்போன் என்ன விலை என்றோம், தெரியவில்லை. தவணை மட்டும் தெரிந்திருந்தது: மாதம் 1,250 ரூபாய், பன்னிரண்டு மாதம். மறுநாள் ரசீதைக் கொண்டுவரச் செய்து கரும்பலகையில் கணக்கிட்டோம். விலை 12,000, கட்டப்போவதோ 15,000. மூவாயிரம் எதற்கு என்று வகுப்பே கேட்டது. வட்டி என்னும் சொல் அந்த ரசீதில் எங்குமே இல்லை. 'சேவைக் கட்டணம்' என்று பொடியெழுத்தில் இருந்தது. சொல்லாராய்ச்சிக்கு இதனினும் நல்ல பாடம் நம் பாடத்திட்டத்தில் இல்லை! கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிவைக்குமாறு பணிக்கும் வசனமே திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் (2:282) என்பதையும் அன்று எடுத்துரைத்தோம்.

செட்டிகுளம் பக்கத்து மாணவி ஒருவர் நிலை வேறாக இருந்தது. சின்ன வெங்காயம் விலை இறங்கினால் பட்டறையில் போட்டு வைப்பதையும், எவ்வளவு முடை வந்தாலும் விதைக்கு ஒதுக்கியதைத் தொடாமையையும் சொன்னார். உரம், களையெடுப்புக் கூலி, வண்டி வாடகை அனைத்தும் விரல்நுனியில். அவர் வீட்டில் வரவு செலவு நோட்டை எழுதுபவர் அவரே. இருவருக்கும் ஒரே வகுப்பு, ஒரே நூல். வேறுபாடு வீட்டில்தான் இருந்தது.

நம் வீட்டிலும் அப்படியொரு நோட்டு இருந்ததில்லை. அத்தா குவைத்தில் இருந்தார். வெள்ளாற்றங்கரை ஊர்களில் பல வீடுகளின் கதை அது. மாதந்தோறும் வரைவோலை வரும். கடிதத்தில் 'எல்லாம் நலம்' என்றிருக்கும். 1990 ஆகஸ்டில் ஈராக் படை குவைத்துக்குள் புகுந்தது. அத்தா ஒற்றைப் பையோடு திரும்பினார். பயணத்துக்கு வாங்கிய கடனில் பாதி இன்னும் நிற்கிறது என்பதைக் கடன் கொடுத்தவர் வாசலில் வந்து நின்றபோதே அறிந்தோம். அம்மாவின் காது நகை போயிற்று. நகை போனதைவிட, அம்மாவும் அக்கடனை அறிந்திருக்கவில்லை என்பதே இன்றளவும் நம்மை உறுத்துகிறது. நாங்கள் வருந்தக் கூடாதென்றுதான் அத்தா மறைத்தார், அதில் ஐயமில்லை.

அவரைக் குறை சொல்லும் தகுதியும் நமக்கில்லை. பதினொன்றாம் வகுப்புப் பயிலும் நம் மகன் எதைக் கேட்டாலும் 'பிறகு பார்க்கலாம்' என்பதே நம் விடை. கரும்பலகைக் கணக்கு நடந்த அன்றிரவு, நம் சம்பளச் சீட்டை முதன்முறையாக அவன்முன் வைத்தோம். வீட்டுக் கடன் தவணை, மளிகை, ஜகாத்துக்கு ஒதுக்குவது என ஒவ்வொன்றாகச் சொன்னோம். உறவினர் ஒருவருக்குக் கைமாற்றாகத் தந்த நாற்பதாயிரத்தையும் சொன்னோம்.

"எழுதி வாங்கினீங்களா அத்தா?" என்றான்.

சொந்தத்தில் அதை எப்படிக் கேட்பது என்றோம். அவன் ஒன்றும் பேசவில்லை. புது நோட்டு ஒன்றின் முதற்பக்கத்தில் அத்தொகையை எழுதினான். தேதிக்கு இடம் விட்டுப் பேனாவை நம்மிடம் நீட்டினான். தேதி நமக்கு நினைவில் இல்லை.