ஒயின் போட்டேன், வேலை செய்யல!

"மச்சான், நேத்து நைட்டு ஒயின் போட்டேன்டா. காலையில எழுந்தா ஒண்ணுமே வேலை செய்யல!"

போனில் இப்படிப் புலம்பிக்கொண்டிருந்தபோது, பின்னால் நைனா நின்றதை நான் கவனிக்கவில்லை. காசிமேட்டில் விடிய விடிய ஐஸ் உடைத்துவிட்டு அப்போதுதான் வீடு திரும்பியிருந்தார். "இதுக்குத்தான் உன்ன பாலிடெக்னிக்ல சேர்த்தனா?" என்றார். எங்கள் குடும்பத்தில் முதலில் படிக்க வந்தவன் நான். அவர் முகம் போன போக்கு இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

நண்பர்களே, நான் போட்டது அந்த ஒயின் இல்லை! விண்டோஸுக்கு எழுதிய புரோகிராமை லினக்ஸில் ஓட வைக்கும் மென்பொருள் இது. 1993-ல் தொடங்கி, 15 வருஷம் கழித்து 2008-ல்தான் 1.0 பதிப்பே வந்தது. (நம்ம அரியர் எவ்வளவோ தேவலை!) புரோகிராம் விண்டோஸிடம் கேட்பதை, இது லினக்ஸுக்குப் புரியும்படி மாற்றிக் கேட்கும்.

என் லேப்டாப், பக்கத்து வீட்டு அக்காவுக்கு அரசு இலவசமாகக் கொடுத்தது. அதில் விண்டோஸோடு, சி-டாக் சென்னையில் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸும் இருந்தது. விண்டோஸ் படுத்துவிட்டதால், பாஸுக்கு அடிப்படையான டெபியனையே போட்டுக்கொண்டேன். சி.என்.சி. பிராக்டிகலுக்கான சிமுலேட்டர் ஒயினில் ஜம்மென்று ஓடியது. நான் சும்மா இருந்திருக்கலாம். பரீட்சைக்கு இரண்டு நாள் இருக்கும்போது 'ஃபுல்-அப்கிரேட்' கொடுத்தேன். திரையில் நீளமாக ஏதோ பட்டியல் வந்தது. படிக்காமலே 'ஒய்' தட்டினேன். அன்றைய நெட் பேக்கும் காலி.

நைனாவுக்கு விளக்கியதும் கோபம் போய்விட்டது. ஆனால் அம்மா காதில் கை வைத்தார். "கம்மல வெச்சி புதுசு வாங்கிக்கலாம்டா." அதுதான் எனக்கு வயிற்றைக் கலக்கியது.

எண்ணூர் நண்பன் போனிலேயே வைத்தியம் பார்த்தான். "ஐகானைத் தட்டாத. டெர்மினல்ல இருந்து ஓட்டு, அது வாயைத் திறந்து சொல்லும்." சொன்னது! 'ஒயின்32 காணோம், நிறுவு' என்றது. ஆப்ட் வைத்திருக்கும் வரலாற்றுக் கோப்பைத் திறந்தால், 'நீக்கப்பட்டவை' வரிசையில் அதே பெயர். 64-பிட் லைப்ரரியும் 32-பிட் லைப்ரரியும் ஒரே பதிப்பாக இருக்க வேண்டுமாம். ஒன்று முன்னே ஓடிவிட்டதால் மற்றதைக் கழற்றிவிட்டது. என் சிமுலேட்டரோ 32-பிட். நான் 'ஒய்' தட்டி அனுமதி கொடுத்த பட்டியலே அதுதான்!

நைனா போனில் நெட் வாங்கி ஒயின்32-ஐ மறுபடி போட்டேன். சிமுலேட்டர் திறந்தது, ஆனால் வெறும் வெள்ளைத் திரை. "டாட் ஒயின் ஃபோல்டரை அழிச்சிடட்டா?" என்றேன். "டேய், அழிக்காத! பேரை மாத்தி வை" என்று கத்தினான். நல்லவேளை. நான் எழுதிய ஜி-கோடு எல்லாம் அதற்குள் 'டிரைவ் சி'யில்தான் இருந்தது. பெயரை மாற்றியதும் ஒயின் புது ஃபோல்டர் உண்டாக்கிக்கொண்டது. சிமுலேட்டரைப் புதிதாக நிறுவி, பழைய கோப்புகளை எடுத்து வைத்தேன்.

ராத்திரி பதினொன்றரைக்கு ஜி01 கொடுத்தேன். டூல் நகர்ந்து பித்தளை நிறக் கம்பியைச் சீவியது. கத்தியே விட்டேன். அம்மா எழுந்து வந்து பார்த்தார். காதில் கம்மல் இருந்தது.

நைனா மட்டும் இன்னும் விடவில்லை. கடலுக்குப் போகிற சித்தப்பாவிடம், "எம்புள்ள ஒயின் போட்டுத்தான் பாஸ் ஆனான்" என்கிறார்.