பழைய காரும் கறுத்த ஒயிலும்

பத்திரிகைத் தொழிலில் நான்கு தசாப்தங்களுக்கு மேல் கழித்த எனக்கு இயந்திரங்களைப் பற்றி எழுதும் தகுதி எதுவும் கிடையாது. அச்சு இயந்திரத்தின் அருகில் நின்று சட்டையில் மை பட்ட அனுபவம் உண்டே தவிர, காரின் எஞ்சினைத் திறந்து பார்த்த அனுபவம் இல்லை. எனினும் கடந்த சில வருடங்களில் எனது பழைய கார் கற்றுத் தந்த பாடம், பழைய வாகனம் வைத்திருக்கும் வேறு எவருக்கேனும் உதவக்கூடும் என்பதால் இதனை எழுதுகிறேன்.

கட்டுகஸ்தோட்டையில் எமது வீட்டு முற்றத்தில் நிற்பது 1990களின் ஆரம்பத்தில் ஜப்பானில் தயாரிக்கப்பட்ட ஒரு சிறிய பெற்றோல் கார். 2021இல் எனது மனைவி பக்கவாதத்தால் பாதிக்கப்பட்ட பின்னர் அந்தக் கார் எமக்கு அத்தியாவசியமாகிவிட்டது. முச்சக்கர வண்டியில் ஏறி இறங்குவது அவரால் இயலாத காரியம். வாரத்தில் இரு நாட்கள் உடற்பயிற்சிச் சிகிச்சைக்காகக் கண்டி நகருக்கு அழைத்துச் செல்ல வேண்டும். ஐந்தாறு கிலோமீற்றர் தூரம்தான். ஆனால் கண்டியின் வாகன நெரிசலை அறிந்தவர்களுக்கு அந்தத் தூரம் எவ்வளவு நேரம் என்பது தெரியும்.

2023ஆம் ஆண்டின் இறுதியில் ஒருநாள் காலை, முற்றத்துச் சீமெந்துத் தரையில் உள்ளங்கை அளவு கறுப்புக் கறை ஒன்றைக் கண்டேன். நகரில் உள்ள ஒரு கராஜுக்குக் கொண்டு சென்றேன். எஞ்சினின் மேல் மூடிக்கு அடியில் உள்ள பெக்கிங் பழுதடைந்துவிட்டது என்றார்கள். மாற்றினார்கள். இரண்டு மாதங்களில் கறை மீண்டும் தோன்றியது. இம்முறை எஞ்சினுக்கும் கியர் பெட்டிக்கும் இடையில் உள்ள சீல் என்றார்கள். அதை மாற்றுவதற்குக் கியர் பெட்டியையே கழற்ற வேண்டும். சீலின் விலை சிறிது. கூலியோ மிகப் பெரிது. அதையும் கொடுத்தேன். மழைக்காலம் தொடங்குவதற்கு முன்னரே தரை மீண்டும் கறுத்தது.

அதற்குப் பின் நிகழ்ந்ததுதான் என்னை உண்மையில் அச்சுறுத்தியது. ஒரு மாலை, சிகிச்சை முடிந்து மனைவியுடன் திரும்பும் வழியில் மஹியாவைப் பக்கமாக வாகனங்கள் நகராமல் நின்றபோது, எனக்கு முன்னால் ஒயில் அழுத்தத்தைக் காட்டும் சிவப்பு விளக்கு மினுங்கி மினுங்கி அணைந்தது. வண்டி நகர்ந்ததும் மறைந்தது. நின்றதும் மீண்டும் மினுங்கியது. அருகில் இருந்த மனைவியிடம் நான் எதுவும் சொல்லவில்லை. காரை விற்றுவிடலாம் என்று அன்றிரவு எண்ணினேன். ஆனால் 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி அப்போதும் தடைப்பட்டே இருந்தது. அத்தடை 2025 பெப்ரவரியில்தான் நீங்கியது. பழைய வாகனங்கள் நினைத்துப் பார்க்க முடியாத விலைக்குப் போய்க்கொண்டிருந்த காலம் அது. விற்பது எளிது, இன்னொன்றை வாங்குவது ஓய்வூதியக்காரனால் ஆகாது.

நண்பர் ஒருவர் அக்குறணை வீதியில் உள்ள ஒரு முதியவரிடம் போகச் சொன்னார். அவரை எல்லோரும் நானா என்றே அழைப்பார்கள். நான் சீல், பெக்கிங் கதையெல்லாம் சொல்லி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டார். பின்னர், “ஐயா, எங்க ஒழுகுது எண்டு எல்லாரும் பாத்திருக்காங்க. ஏன் ஒழுகுது எண்டு ஒருத்தரும் பாக்கல்ல போல” என்றார்.

முதலில் எஞ்சினின் வெளிப்புறத்தை மண்ணெண்ணெயால் கழுவித் துடைத்து உலர்த்தினார். அதன்மேல் முகத்துக்குப் பூசும் பவுடரைத் தூவினார். சிறிது நேரம் எஞ்சினை ஓடவிட்டுப் பார்த்தபோது ஈரம் எங்கிருந்து புறப்படுகிறது என்பது வெள்ளைப் பவுடரில் கோடு போலத் தெரிந்தது. ஒழுகும் ஒயில் கீழ்நோக்கி வடியும். வண்டி ஓடும்போது காற்று அதைப் பின்னோக்கித் தள்ளும். ஆகவே துளி விழும் இடம் அல்ல, ஈரம் தெரியும் மிக உயர்ந்த இடமே கவனிக்கப்பட வேண்டியது என்று விளக்கினார். எமது காரில் ஓர் இடம் அல்ல, மூன்று இடங்களில் கசிந்தது. புதிதாகப் போட்ட இரண்டும் அவற்றுள் அடக்கம்.

பின்னர் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒயில் ஊற்றும் வாயின் மூடியைக் கழற்றி, அதன்மேல் ஒரு மெல்லிய பொலித்தீன் பையை வைத்துப் பிடித்தார். உள்நோக்கி மெதுவாக இழுபட வேண்டிய பை பலூன்போல் ஊதிக்கொண்டு நின்றது. கழற்றிய மூடியின் உட்புறத்தை எனக்குக் காட்டினார். தார் போன்ற கறுப்புக் கசடு விரல் தடிப்பில் ஒட்டியிருந்தது.

அவர் விளக்கியதை எனது மொழியில் சொல்கிறேன். சிலிண்டரில் எரியும் வாயுவில் ஒரு சிறு பகுதி, பிஸ்டன் வளையங்களைத் தாண்டி எப்போதும் கீழே கசியும். அதனுடன் எரியாத பெற்றோலும் நீராவியும் சேரும். அக்காலத்து வாகனங்களில் இந்தப் புகை ஒரு குழாய் வழியாக வீதிக்கே விடப்பட்டது. 1960களில் இருந்து அதை ஒரு சிறு வால்வின் ஊடாக மீண்டும் எஞ்சினுக்குள் இழுத்து எரிக்கும் முறை பரவியது. அந்த வால்வு கசடால் அடைபட்டால் உள்ளே அழுத்தம் கூடும். மூச்சுவிட வழியில்லாத எஞ்சின், பலவீனமான சீல்களின் வழியே ஒயிலை வெளியே தள்ளும். புதிய சீல் போட்டாலும் அதே கதைதான். நானா அந்த வால்வைக் கழற்றி என் காதருகே குலுக்கினார். நல்ல நிலையில் இருந்தால் கடகடவென ஒலிக்க வேண்டுமாம். எந்த ஒலியும் வரவில்லை.

வளையங்கள் தேய்ந்திருந்தாலும் இதே அறிகுறி தோன்றும் என்பதால் நான்கு சிலிண்டர்களின் அழுத்தத்தையும் அளந்தார். நான்கும் ஏறத்தாழ ஒன்றாகவும் போதியதாகவும் இருந்தன. அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது. அடுத்து எஞ்சினின் அடியில் உள்ள சம்ப் எனப்படும் ஒயில் தொட்டியைக் கழற்றினார். ஒயிலை உறிஞ்சும் குழாயின் வாயில் உள்ள வலை பாதிக்கு மேல் மூடிக் கிடந்தது. சிவப்பு விளக்கு மினுங்கியதன் காரணம் அதுவே. இன்னும் சில வாரங்கள் ஓட்டியிருந்தால் எஞ்சின் இறுகி நின்றிருக்கும் என்றார்.

“கடைசியா ஒயில் மாத்தினது எப்ப, ஐயா?”

அந்தக் கேள்விக்கு நான் உடனே பதில் சொல்லவில்லை. 2022ஆம் ஆண்டு எம் எல்லோருக்கும் நினைவிருக்கும். ரூபாவின் பெறுமதி வீழ்ந்தது. எரிபொருள் வரிசைகள் நீண்டன. ஜூலையில் கியூஆர் குறியீட்டு முறை வந்தபோது காருக்கு வாரத்துக்கு 20 லீற்றர்தான். எஞ்சின் ஒயிலின் விலையோ பன்மடங்கானது. கார் ஓடியது குறைவுதானே, 5,000 கிலோமீற்றர் ஆகட்டும் என்று நான் ஒத்திப்போட்டேன். அந்தப் பழக்கம் 2023இலும் தொடர்ந்தது. பதினாறு மாதங்கள் அதே ஒயில்.

என் கணக்கு பிழையானது. ஐந்து கிலோமீற்றர் ஓடி நிற்கும் எஞ்சின் முழுமையாகச் சூடாவதில்லை. உள்ளே சேரும் ஈரமும் பெற்றோலும் ஆவியாகாமல் ஒயிலிலேயே தங்கிவிடுகின்றன. நெரிசலில் நின்று நின்று செல்வதும், மேட்டில் தாழ்ந்த கியரில் ஏறுவதும், கண்டியின் ஈரக்காற்றும் ஒயிலின் ஆயுளை மேலும் குறைக்கின்றன. குறைவாக ஓடும் வாகனத்துக்குக் கிலோமீற்றர் கணக்கு அல்ல, மாதக் கணக்கே பொருந்தும்.

இது பழைய கார்களுக்கு மட்டும் உரிய நோயன்று. 1997 முதல் 2002 வரையிலான சில வகை எஞ்சின்களில் ஒயில் பாகுபோல் இறுகியதாக எழுந்த முறைப்பாடுகளை அடுத்து, டொயோட்டா நிறுவனம் 2002இல் அமெரிக்காவில் ஏறத்தாழ 33 இலட்சம் வாகனங்களுக்கு விசேட பழுதுபார்ப்புத் திட்டத்தை அறிவிக்க நேர்ந்தது. ஒயில் மாற்றாமையே காரணம் என்றது நிறுவனம். எஞ்சினின் அமைப்பே காரணம் என்றனர் உரிமையாளர்கள். எனது விடயத்தில் அத்தகைய விவாதத்துக்கு இடமில்லை. குற்றவாளி நானே.

கசடைக் கரைக்கும் திரவம் ஒன்றை ஊற்றிவிடலாமா என்று கேட்டேன். நானா மறுத்துவிட்டார். இவ்வளவு கசடு திடீரெனப் பெயர்ந்தால் அந்த வலையில்தான் போய் அடைக்கும் என்றார். கையால் சுரண்டிக் கழுவி, வால்வையும் அதன் குழாயையும் மாற்றி, புதிய ஒயிலும் வடிகட்டியும் போட்டார். 500 கிலோமீற்றரில் ஒருமுறை, அடுத்து 1,000இல் ஒருமுறை ஒயிலை மாற்றச் சொன்னார். முதலாவது முறை வடித்தபோது தார்போலவும் இரண்டாவது முறை கடுங் கோப்பிபோலவும் வந்தது. கசிந்த மூன்று இடங்களில் இரண்டு தாமாகவே நின்றுவிட்டன. மூன்றாவதற்கு மட்டும் ஒரு பெக்கிங் தேவைப்பட்டது.

ஒரு ஞாயிறு காலை மனைவியையும் ஏற்றிக்கொண்டு பேராதனை, பிலிமத்தலாவை வழியாகக் கடுகண்ணாவைக்குச் சென்று, மாவனல்லைவரை இறங்கி மீண்டும் அந்த ஏற்றத்தில் ஏறினேன். விளக்கு மினுங்கவில்லை. மறுநாள் காலை காரின் அடியில் விரித்திருந்த மட்டை உலர்ந்தே இருந்தது. மஹியாவையில் நிகழ்ந்ததை அன்றுதான் மனைவியிடம் சொன்னேன். “எனக்கு அண்டைக்கே தெரியும். உங்கட முகத்தைப் பாத்தனான்” என்றார்.

இப்போது ஐந்து மாதங்களுக்கு ஒருமுறை ஒயில் மாற்றுகிறேன். திகதியைச் சுவர் நாட்காட்டியில் மனைவிதான் குறித்து வைக்கிறார். நீங்களும் நாளைக் காலை, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது, ஒயில் மூடியைக் கழற்றி அதன் உட்புறத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள். அதற்குச் செலவு ஏதுமில்லை.