ஆஸாத் மைதானத்துப் படக்காரர்

மும்பை சத்ரபதி சிவாஜி மகாராஜ் ரயில் முனையத்திலிருந்து சில நிமிட நடையில் ஆஸாத் மைதானம். 1988 பிப்ரவரியில் பள்ளி மாணவர்களான டெண்டுல்கரும் காம்ப்ளியும் இணைந்து 664 ஓட்டங்கள் குவித்த இடம்.

ஞாயிறுதோறும் அங்கே நீண்ட லென்ஸுடன் ஒரு நண்பர் வெயிலில் காத்திருப்பார். மாதச் சம்பளமில்லாத தொழில். நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கில் பந்தையும் மட்டையையும் பிடித்துவிடுவார். ஆயினும் வென்ற பிள்ளையின் தந்தையே படம் வாங்குவார். அவருடைய வீட்டு வாடகைக்கு உதவுபவை திருமணப் படங்களும் பாஸ்போர்ட் படங்களுமே.

சென்ற மாதம் என் மகன் ஓட்டமேதும் எடுக்காது வெளியேறினான். அதையும் படமெடுத்திருந்தார்.

“இதை யார் வாங்குவார்?” என்றேன்.

“மட்டையைத் தரையில் இழுக்காமல் தோளில் சுமந்து வருகிறான், பாருங்கள் ஸார்!” என்றார்.

விலை கேட்டேன், மறுத்தார். வாடகை நினைவுக்கு வரவே, வற்புறுத்திக் கொடுத்தேன்.