காத்திருக்கும் எரிபொருள்

மன்னார்குடி, 22-9-2019

சென்ற ஆண்டு நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யத்துப் பக்கமாகக் கரையேறிய கஜா புயல் எங்கள் தெருவின் மின்கம்பங்களைச் சாய்த்துவிட்டுப் போனபின், இருண்ட இரவுகளில் வீட்டுக்கு வெளிச்சமும் அரைக் குதிரைச் சக்தி மோட்டாருக்கு உயிரும் தந்த சிறிய பெட்ரோல் ஜெனரேட்டரை, ஐப்பசி மழை நெருங்குகிறதே என்று இன்று வெளியே எடுத்து, தோள் கடுக்கக் கயிற்றை இழுத்தும், அது ஒரு தும்மலோடு மௌனமாகிவிட்டது. மெக்கானிக் கார்புரேட்டரைக் கழற்றிக் காட்டினார். மாதக்கணக்கில் தேங்கிய பெட்ரோல், ஆவியானது போக மிஞ்சியது பிசினாகி, ஊசிமுனை போன்ற ஜெட் துவாரத்தை அடைத்திருந்தது. “பெட்ரோலுக்குக் காத்திருக்கத் தெரியாதுங்க ஐயா. கேஸுக்கு மாத்திடுங்க, எத்தனை வருஷம் வெச்சாலும் கெடாது” என்றார்.

29-9-2019

அடுக்களையில் இருக்கும் சிவப்புச் சிலிண்டரையே முற்றத்துக்கு உருட்டிவிடலாம் என்பது மைத்துனரின் யோசனை. வீட்டு உபயோகத்துக்கென்று தரும் 14.2 கிலோ சிலிண்டரைச் சமையலன்றி வேறு காரியத்துக்குப் பயன்படுத்தலாகாது என்று 2000ஆம் ஆண்டின் மத்திய அரசு ஆணை விதித்திருப்பதை நான் சொல்ல, “ஆணை இருக்கட்டும், புயலன்று எனக்கு அடுப்பெரிய வேண்டாமா?” என்று அதைவிடப் பலமான நியாயத்தைச் சொல்லி என் மனைவி விவாதத்தை முடித்தாள். வர்த்தக உபயோகத்துக்குரிய 19 கிலோ சிலிண்டருக்குப் பணம் கட்டினேன்.

6-10-2019

அடுப்பில் வாயு தானே வந்து பீறிடுகிறது; யந்திரத்துக்கோ அது கேட்கும்போது கேட்ட அளவே வரவேண்டும். மெக்கானிக் பொருத்திய கிட்டின் வட்டப் பெட்டிக்குள் ரப்பர்ச் சவ்வு ஒன்று உண்டு. எஞ்சின் மூச்சை உள்ளிழுக்கையில் அது வளைந்து வாயுவுக்கு வழிவிடுகிறது, எஞ்சின் நின்றதும் தானே வழியை அடைத்துக்கொள்கிறது. மூன்றாவது இழுப்பில் ஓடத் தொடங்கியது. திருகாணியைச் சற்றே உள்ளும் புறமுமாகத் திருப்பியபின் விக்கலும் நின்றது. மோட்டாரைப் போட்டபோது மட்டும் முன்போல் வீறின்றிச் சிறிது முக்கிற்று. காற்று புகவேண்டிய இடத்தில் ஒரு பங்கை வாயுவே எடுத்துக்கொள்வதால் சக்தி கொஞ்சம் குறையத்தான் செய்யுமாம். ஒரு மணி நேரம் கழித்துத் தொட்டுப் பார்த்தேன்: உள்ளே திரவம் ஆவியாகித் தன் சூட்டையே செலவழித்ததால், சிலிண்டரின் அடிப்பாகம் மண்பானைபோல் குளிர்ந்து வியர்த்திருந்தது. நிறுத்துப் பார்த்ததில் செலவு அரைக் கிலோ.

7-10-2019, ஆயுத பூஜை

சமையல் வாயு காற்றைவிடக் கனமானதால், கசிந்தால் மேலே போகாமல் தரையோடு தவழ்ந்து பள்ளத்தில் தங்கும். புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடோ வாசனையே இல்லாமல் உயிரைக் கொல்லும். ஆகையால் ஜெனரேட்டருக்கு இடம் கொல்லைப்புறத் திறந்த கொட்டகை, ஜன்னல்களுக்கும் கிணற்றுக்கும் எட்ட. நம் மின்சாரம் தெருக்கம்பியில் ஏறிக் கம்பத்தில் நிற்கும் லைன்மேனைத் தாக்காதபடி, மாற்றுச் சுவிட்சும் வைத்தாயிற்று.

மாலையில் அரிவாள்மணை, மண்வெட்டி, சைக்கிள் வரிசையில் ஜெனரேட்டருக்கும் சந்தனமும் குங்குமமும் இட்டோம். கொட்டகைச் சுவரில் சாக்கட்டியால் ‘பதினெட்டரைக் கிலோ’ என்று எழுதிவைத்திருக்கிறேன். அடுத்த ஆயுத பூஜையன்றும் அந்தக் கணக்கு மாறாதிருக்கட்டும்.