பத்தாம் நாள் நோன்பும் மனிதரிடம் பட்ட கடனும்

முஹர்ரம் பத்தாம் நாளாகிய ஆஷூராவன்று நோன்பு நோற்பது நம் இல்லங்களில் தொன்றுதொட்டு வரும் வழக்கம். அந்நோன்பின் வரலாற்றில் யூதர்களுக்கும் ஓர் இடமுண்டு.

நபி (ஸல்) அவர்கள் மதீனா வந்தபோது, அங்கிருந்த யூதர்கள் அந்நாளில் நோன்பிருக்கக் கண்டு காரணம் வினவினார்கள். ஃபிர்அவ்னிடமிருந்து மூஸா (அலை) அவர்களை அல்லாஹ் காத்த நாள் என்றனர். மூஸாவின் மீது நமக்கே அதிக உரிமையுண்டு என்றுரைத்த நபியவர்கள், தாமும் நோற்று, பிறரையும் நோற்கப் பணித்தார்கள். இப்னு அப்பாஸ் (ரலி) அறிவிக்கும் இச்செய்தி புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. ஹிஜ்ரி 2-இல் ரமலான் நோன்பு கடமையானபின் ஆஷூரா விருப்ப நோன்பாயிற்று.

யூதர்களின் திஷ்ரி மாதப் பத்தாம் நாள் யோம் கிப்பூர், பாவமன்னிப்பு நாள். ஏறத்தாழ 25 மணி நேரம் அவர்கள் நீரும் அருந்துவதில்லை. 1568-இல் எழுந்த கொச்சி பரதேசி ஜெப ஆலயத்திலும் தலைமுறைகளாக அந்நாள் கடைப்பிடிக்கப்பட்டது. 19 ஆண்டுகளில் ஏழு முறை அவர்கள் ஒரு மாதத்தைக் கூட்டிக்கொள்வர், நாம் கூட்டுவதில்லை. ஆகவே இரு பத்தாம் நாள்களும் இன்று பெரும்பாலும் ஒன்றுபடுவதில்லை.

ஆயினும் ஒரு பாடம் பொதுவானது. இறைவனுக்கு எதிரான பிழையை அந்நாள் போக்கும். சக மனிதனுக்கு இழைத்த பிழையோ, அவன் மனம் ஆறும்வரை நீங்காது என்கிறது யூதர்களின் மிஷ்னா. ஆஷூரா நோன்பு கடந்த ஓராண்டின் பாவங்களுக்குப் பரிகாரமாகும் என ஆதரவு வைக்கும் நாமும், அடியார்களின் உரிமைகளை அவரவரிடமே தீர்க்க வேண்டும் என்றே கற்றிருக்கிறோம்.

நாமக்கல்லில் என் அத்தாவும் சின்னத்தாவும் கூட்டாக லாரிப் பட்டறை நடத்தினர். கணக்கில் பிணக்கு நேர்ந்து, சின்னத்தா சேலத்துக்குக் குடிபெயர்ந்தார். ஏழாண்டுகள் பேச்சில்லை. ஓர் ஆஷூரா நாளில், லுஹர் தொழுதபின் அத்தா பழைய கணக்கு நோட்டை எடுத்தார்; தம்பிக்குச் சேர வேண்டியதைக் கூட்டி, அத்தொகையுடன் என்னையும் அழைத்துக்கொண்டு சேலத்துக்குப் பேருந்து ஏறினார்.

"இது உன் பங்கு. என்னை மன்னிச்சிரு" என்றார் வாசலிலேயே. சின்னத்தா நெடுநேரம் பேசவில்லை. பின்னர், "மொதல்ல நோன்பைத் தொறங்கண்ணே" என்று பேரீச்சம்பழத்தை நீட்டினார். பணத்தையும் மறுக்காமல் வாங்கிக்கொண்டார். வேண்டாம் என்று பெருந்தன்மை காட்டியிருந்தால், அண்ணனின் சுமை இறங்காமலேயே போயிருக்கும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

ஒன்பதாம் நாளையும் சேர்த்து நோற்க நபியவர்கள் நாடினார்கள். அந்த முதல் நாளிலேயே நாம் யாருக்கு என்ன தர வேண்டும் என்று கணக்குப் பார்த்துவிட்டால், பத்தாம் நாளின் துஆ இலகுவாகும். அதற்கான மனவலிமையை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக. ஆமீன்.